மாமனாரின் துப்பாக்கி அலமாரியில் இருந்தால் வீடு பாதுகாப்பா?

பாதுகாப்பு அதிகமாகாது, ஆபத்துதான் கூடும். செம்பனைத் தோட்டத்துக்கு வரும் காட்டுப் பன்றியைச் சுட உரிமம் எடுத்த துப்பாக்கியைத் திருடனுக்குப் பயந்து தோட்டா போட்டே வைத்திருக்கிறார் என்கிறீர்கள், அதுவும் நான்கு வயதுப் பேரன் ஓடியாடும் வீட்டில்.

திருடன் வருவது அபூர்வம். கோபமும் குடியும் மனச்சோர்வும் பிள்ளையின் துருதுருப்பும் வீட்டிலேயே இருப்பவை. அமெரிக்காவில் 1993இல் வெளியான, கெல்லர்மன் என்ற மருத்துவரின் ஆய்வில், துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு, இல்லாத வீட்டைவிட ஏறத்தாழ 2.7 மடங்கு. கொன்றவர்களில் பெரும்பாலோர் உறவினர் அல்லது தெரிந்தவர்.

இன்றே மாமனாரைச் செய்யச் சொல்லுங்கள் (உரிமம் அவர் பெயரில், நீங்கள் தொட வேண்டாம்):

1. குழல் வாயை ஆளில்லாத பக்கம் வைத்து, மடக்குத் துப்பாக்கியானால் மடக்கித் திறந்து தோட்டாவை எடுக்கட்டும். பம்ப் வகையானால் (முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றுவது) குழலுக்கு அடியில் உள்ள குழாயிலும் தோட்டா இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். காலியா என்று கண்ணால் மட்டுமல்ல, விரலாலும் பார்க்கட்டும்.

2. துப்பாக்கி சுவரில் போல்ட் அடித்த இரும்புப் பெட்டியில். தோட்டா வேறு அறையில், வேறு பூட்டில். சாவி அவர் இடுப்பில். சாமி மேடைப் படத்துக்குப் பின்னால் வைத்தால் பேரனுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அந்த ஆய்வு அமெரிக்கா பற்றியது, அங்கே கைத்துப்பாக்கி அதிகம். எண்ணை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். ஆனால் வீட்டில் யாராவது மனமுடைந்து இருந்தால் பூட்டு போதாது. போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வழி கேளுங்கள்.