கள்ளச்சாராயம் குடித்தவருக்கு டயாலிசிஸ் செய்யச் சொல்கிறார்கள் என்றால் கிட்னி போய்விட்டது என்று அர்த்தமா?

இல்லை. உங்கள் வீட்டில் யாரோ இப்போது ஐசியூவில் இருப்பதால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் போய் டயாலிசிஸுக்குக் கையெழுத்துப் போடுங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நான் டாக்டர் இல்லை, என் அண்ணனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி பாக்கெட் சாராயம் குடித்துவிட்டுப் படுத்தவர் மறுநாள் மத்தியானம் வரை நன்றாகத்தான் இருந்தார். அப்புறம் வயிற்றுவலி, வாந்தி. "கண்ணுல புகை அடிச்ச மாதிரி இருக்கும்மா" என்றார். ஆஸ்பத்திரியில் உடனே டயாலிசிஸ் என்றார்கள். பெரிய மாமா, "ஒருதடவை மெஷின்ல போட்டா ஆயுசுக்கும் போடணும், கையெழுத்துப் போடாதீங்க" என்று தடுத்துவிட்டார். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நானும் வாயைத் திறக்கவில்லை. மூணு மணி நேரம் போனது.

கடைசியில் ட்யூட்டி டாக்டரம்மாவே வெளியே வந்து, "கிட்னிக்காக இல்லம்மா, ரத்தத்துல இருக்கிற விஷத்தை எடுக்கத்தான்" என்றார். கள்ளச்சாராயத்தில் இருக்கும் மெத்தனால் என்ற விஷச் சாராயம் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண் நரம்பைக் கெடுப்பது அதுதான். மெஷின் இரண்டையும் வெளியே எடுத்துவிடும். கிட்னி அடிவாங்குவது பெரும்பாலும் விஷம் ஏறிய பிறகு, பிரஷர் இறங்குவதாலும் தசை சிதைவதாலும். (வண்டி ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்டைக் குடித்தவர்களுக்கு வேறு மாதிரி. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் ஆக்சலேட் படிகமாகி கிட்னிக்குள்ளேயே படியும்.)

அண்ணனுக்கும் மூத்திரம் குறைந்து கருஞ்சிவப்பாகப் போனது. கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின் 4.2 வரை ஏறியது. நாலு டயாலிசிஸ், ஒன்றரை மாதம், 1.1-க்கு வந்துவிட்டது. அதன்பின் மெஷின் பக்கமே போகவில்லை. எல்லோருக்கும் இப்படித் தேறும் என்று நான் சொல்லவில்லை.

கண் பார்வை திரும்பவில்லை. அந்த மூணு மணி நேரத்தால்தானா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை.

குடிகாரனுக்கு வக்காலத்தா என்று எழுத வருகிறவர்களுக்கு: 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் செத்தபோதும், குடும்பங்களுக்குக் கொடுத்த 10 லட்சத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினீர்கள். எங்களுக்கு அப்படி எதுவும் வரவில்லை, நாங்கள் கேட்கவும் இல்லை. கேட்டது மாற்றுத்திறனாளி சான்றிதழ் ஒன்றுதான். மூன்று முகாமுக்கு அண்ணனைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனேன். மூன்றாவது முகாமில், "குடிச்சுதானே போச்சு" என்று அவர் காதுபடவே ஒருவர் சொன்னார். நாலாவதுக்கு அண்ணன் வர மாட்டேன் என்கிறார்.