அயர்லாந்தில் மூடப்பட்ட ரயில் பாதைகளின் பழைய புகைப்படங்களை எந்த ஊர், எந்த நிலையம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய பொருள் சந்தையில் ஒரு கத்தை ரயில் படங்கள் வாங்கியிருக்கிறீர்கள். அயர்லாந்து என்பது மட்டும் தெரிகிறது, பின்பக்கம் ஊரோ ஆண்டோ எழுதவில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். எழுதியிருந்ததால்தான் நான் மூக்குடைபட்டேன்.

நான் ரயில்வேக்காரன் இல்லை. வேலைக்காக டப்ளினுக்கு வந்தவன். மழை பெய்யும் ஞாயிற்றுக்கிழமைகளில் போக்கிடம் இல்லாமல் சந்தைக்குப் போய்ப் போய் இந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. முதன்முதலில் வாங்கிய படத்தில் ஒரு நீராவி எஞ்சின், நாலைந்து மாட்டு வேகன்கள், ஒரு நடைமேடை, பின்னால் ஒரு மலை. பின்பக்கம் பென்சிலில் 'கொலூனி' என்று எழுதியிருந்தது. கொலூனி ஸ்லைகோ மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஊர். இன்றும் அங்கே ரயில் நிற்கிறது. வேலை சுலபமாக முடிந்தது என்று படத்தோடு ரயில் ஏறிவிட்டேன். போய் நின்று பார்த்தால் எதுவுமே பொருந்தவில்லை. கட்டடத்தை மாற்றியிருப்பார்கள், மரம் வளர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பினேன்.

சில மாதம் கழித்து, ரயில் ஆர்வலர்கள் கூடிய ஓர் இடத்தில் பெரியவர் ஒருவர் அந்தப் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அரை நிமிடம் பார்த்தார். "நம்பர் எங்கே?" என்றார். அப்போதுதான் நானும் கவனித்தேன். எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது, எண் எங்கும் இல்லை. "அப்படியென்றால் இது ஸ்லைகோ லீட்ரிம் கம்பெனி. நீங்கள் வேறு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறீர்கள்" என்றார்.

விஷயம் இதுதான். அந்தச் சின்ன ஊருக்கு ஒரு காலத்தில் மூன்று ரயில் நிலையங்கள் இருந்தன. டப்ளினிலிருந்து வரும் பாதைக்கு ஒன்று, தெற்கே கிளேர்மோரிஸிலிருந்து வரும் பாதைக்கு ஒன்று, கிழக்கே என்னிஸ்கில்லனிலிருந்து வந்த ஸ்லைகோ, லீட்ரிம் அண்ட் நார்தர்ன் கவுண்டீஸ் கம்பெனிக்கு ஒன்று. நான் போய் நின்றது முதலாவதில். மூன்றாவது பாதை 1957 செப்டம்பர் 30 அன்று கடைசி ரயிலோடு மூடப்பட்டது. அந்தக் கம்பெனி தன் நீராவி எஞ்சின்களுக்கு எண் போட்டதே இல்லை, பெயர் மட்டும்தான். எஞ்சின்களின் வடிவமும் ஏறக்குறைய ஒன்றே: ஆறு பெரிய சக்கரம், ஓட்டுநர் நிற்கும் பக்கத்தின் அடியில் நாலு சின்னச் சக்கரம், தண்ணீர்த் தொட்டி எஞ்சின் மேலேயே. 'லாஃ மெல்வின்', 'லாஃ எர்ன்' என்று இரண்டு எஞ்சின்களை 1951-இல் தவணைக் கடனில் வாங்கினார்கள். கையில் காசு இல்லாத கம்பெனி. பாதை மூடிய பிறகு அவை வடக்கே போயின, அங்கே 26, 27 என்று எண் விழுந்தது. ஆகவே அதே எஞ்சின் எண்ணோடு தெரிந்தால் அந்தப் படம் பெல்ஃபாஸ்ட் பக்கம் எடுத்தது. லீட்ரிமில் தேடினால் கிடைக்காது.

ஆக, முதலில் கம்பெனியைக் கண்டுபிடிக்கப் பாருங்கள். 1920 வாக்கில் அந்தத் தீவில் சுமார் 5,500 கிலோமீட்டர் பாதை இருந்தது. இன்று அதில் பாதிகூட இல்லை. நிலையம் நிலையமாகத் தேடினால் ஆயுசு போதாது. கம்பெனி தெரிந்துவிட்டால் சில டஜன் நிலையங்களாகச் சுருங்கிவிடும்.

அதற்கும் முன்னால், தண்டவாள அகலத்தைப் பாருங்கள். அயர்லாந்தின் அகலப் பாதை 1,600 மில்லிமீட்டர், நம் ஊர் பிராட் கேஜைவிட 76 மி.மீ. குறைவு. மேற்குக் கரையோரத்து ஏழை மாவட்டங்களிலும், கார்க் நகரைச் சுற்றியும், வடக்கில் சில இடங்களிலும் போட்ட குறுகிய பாதை 914 மி.மீ., மீட்டர் கேஜைவிடவும் கொஞ்சம் ஒல்லி. பெட்டி தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றால், நடைமேடை கணுக்கால் உயரத்தில் இருந்தால், எஞ்சின் சக்கரத்தைத் தகடு மூடியிருந்தால், குறுகிய பாதை என்று சந்தேகப்படலாம். சக்கரத் தகடு பெரும்பாலும் சாலையோரமாகவே ஓடிய பாதைகளில் இருக்கும், ஆடு மாடு மாட்டிக்கொள்ளாமல் இருக்க. ட்ராலியிலிருந்து டிங்கிளுக்குப் போன பாதை அப்படிப்பட்டது. க்ளஹர் வேலி ரயில் ஒரு படி மேலே போய் ஃபைவ்மைல்டவுன் ஊரின் கடைத்தெரு நடுவிலேயே ஓடியது.

தரையில் வழக்கமான தண்டவாளம் இல்லாமல், இடுப்பு உயரத்தில் 'ஏ' எழுத்து வடிவச் சட்டங்களின் மேல் ஒற்றைக் கம்பி ஓடி, எஞ்சினுக்கு இரண்டு கொதிகலன் ஜோடியாகத் தொங்கினால் யோசிக்கவே வேண்டாம். லிஸ்டோவல் முதல் பாலிபனியன் வரை 1888 முதல் 1924 வரை ஓடிய ஒற்றைத் தண்டவாள ரயில் அது. இரண்டு பக்கமும் எடை சமமாக இருக்க வேண்டும். ஒரு பியானோவை அனுப்ப எதிர்ப்பக்கம் ஒரு பசுவை ஏற்றினார்களாம். பிறகு பசுவைத் திருப்பி அனுப்ப இரண்டு கன்றுகளைப் பிடித்தார்களாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எஞ்சின் எண் தெரிந்தால் சந்தோஷப்படலாம், ஆனால் முழுசாக நம்பக் கூடாது. 1925-இல், தீவு இரண்டாகப் பிரிந்தபின் தெற்கில் அமைந்த சுதந்திர அரசின் எல்லைக்குள் முழுவதுமாக ஓடிய கம்பெனிகளையெல்லாம் கிரேட் சதர்ன் ரயில்வேஸ் என்ற ஒரே குடையின் கீழ் சேர்த்தார்கள். குறுகிய பாதை எஞ்சின்களின் எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். ட்ராலிக்கு 'டி', கேவன் அண்ட் லீட்ரிம் என்ற குறுகிய பாதைக்கு 'எல்', கிளேருக்கு 'சி'. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எஞ்சின்கள் ஊர் ஊராக மாற்றலாகிப் போயின. 'டி' எழுத்துப் போட்ட ட்ராலி எஞ்சின்கள் பிற்காலத்தில் லீட்ரிமின் பாலிநமோர் பக்கம் நிலக்கரி இழுத்தன. கார்க் நகரின் பாசேஜ் பாதையை 1932-இல் மூடியதும் அதன் நாலு எஞ்சின்களும் அதே பாலிநமோருக்குத்தான் வந்து சேர்ந்தன. க்ளஹர் வேலியின் டீசல் ரயில் கார் ஒன்று, 1941 கடைசியில் அந்தப் பாதை மூடியபின் டோனகாலுக்கு விலைபோனது. ஆகவே எஞ்சினை வைத்து ஊரைச் சொன்னால் சறுக்கும்.

எஞ்சின் சரியாகச் சொல்வது காலத்தைத்தான். வெறும் சாம்பல் நிறம், பக்கத்தில் வார்ப்பிரும்பு எண் தகடு என்றால் பெரும்பாலும் 1925 முதல் 1944 வரை. தண்ணீர்த் தொட்டியிலோ பெட்டியிலோ இறக்கை முளைத்த சக்கரம் மாதிரி ஒரு சின்னம் இருந்தால் 1945-க்குப் பிறகு. சி.ஐ.ஈ. என்ற புது நிறுவனத்தின் சின்னம் அது, ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பறக்கும் நத்தை'. அந்த ரயில்களின் வேகத்தை நினைத்து வைத்திருப்பார்கள் போல.

நிலையப் பெயர்ப்பலகை தெளிவாக இருந்தால் உங்களுக்கு இந்தப் பதிலே தேவையில்லை. பாதி மறைந்திருந்தாலும் பிரயோஜனம் உண்டு. ஐரிஷ் மொழி மேலே, ஆங்கிலம் கீழே என்று இருந்தால் பெரும்பாலும் எல்லைக்குத் தெற்கே, சுதந்திரத்துக்குப் பிந்தைய படம். ஆங்கிலம் மட்டும் என்றால் வடக்கு, அல்லது பழைய காலம். ஊர்ப் பெயர்களே மாறிவிட்டதும் உதவும். கிங்ஸ்டவுன் 1920-இல் டூன் லேரி ஆனது, குவீன்ஸ்டவுன் கோப் ஆனது, மேரிபரோ பிறகு போர்ட்லீஷ் ஆனது. டப்ளினின் பெரிய நிலையங்கள் 1966-இல், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டில், அதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர்களின் பெயரை ஏற்றன. பலகையில் கிங்ஸ்பிரிட்ஜ் என்று இருந்தால் 1966-க்கு முந்தியது, ஹ்யூஸ்டன் என்றால் பிந்தியது.

கட்டடம்? உதவும், ஓரளவுக்கு. மஞ்சள் செங்கலில் சிவப்பும் கறுப்பும் கோடு கோடாக ஓடினால் கிரேட் நார்தர்ன் கம்பெனி என்று நினைக்கலாம், அவர்களின் பொறியாளர் மில்ஸுக்கு அந்தப் பாணி பிடிக்கும். மரச்சட்டம் வெளியே தெரியும் டியூடர் பாணி என்றால் பெல்ஃபாஸ்டுக்கு வடக்கே பர்க்லி டீன் வைஸ் என்ற பொறியாளரின் கைவேலை, போர்ட்ரஷ் நிலையம் மாதிரி. ஆனால் ஒரே கம்பெனி ஒரே வரைபடத்தை வைத்து வரிசையாக நாலு ஊரில் கட்டியிருக்கும். கட்டடத்தை வைத்து ஊரைச் சொல்பவர்களிடம் நான் பந்தயம் கட்டத் தயார்.

என் கொலூனி படத்தின் மிச்சக் கதை இங்கேதான் வருகிறது. பெரியவர் சொன்னபடி ஸ்லைகோ லீட்ரிம் நிலையம் இருந்த இடத்தையும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் பின்னாலிருந்த மலை பொருந்தவில்லை. நடைமேடையை இடிக்கலாம், மலையை என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்து, படத்தில் மலை வானத்தைத் தொடும் கோட்டை மட்டும் ஒரு டிரேசிங் தாளில் வரைந்துகொண்டேன். பிறகு அந்தக் கம்பெனியின் பாதையில் ஒவ்வொரு ஊராக, இணையத்தில் கிடைக்கும் சாலைப் படங்களை வைத்து ஒப்பிட்டேன். மூன்றாவது மாலையில் மாட்டியது. மானர்ஹாமில்டன் ஊருக்குப் பக்கத்தில் நிற்கும் பென்போ மலை. கம்பெனியின் பட்டறை இருந்த ஊரே அதுதான். பென்சிலில் எழுதியவர் ரயில் போய்க்கொண்டிருந்த ஊரை எழுதினாரோ, வேறு படத்தின் குறிப்பை மாற்றி எழுதினாரோ. அந்தப் பென்சில் எழுத்தால் நானும் ஏமாந்தேன், எண்ணில்லாத எஞ்சினை அரை நிமிடத்தில் கண்டுபிடித்த பெரியவரும் ஏமாந்தார். அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "பின்பக்கத்தைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும்" என்றார்.

மேற்கு அயர்லாந்தில் இந்த மலைக்கோட்டு வழி ரொம்பக் கைகொடுக்கும். டோனகாலின் எரிகல் கூம்பாக நிற்கும், மக்கிஷ் தலையைச் சீவிவிட்ட மாதிரித் தட்டையாக இருக்கும், ஸ்லைகோவின் பென்புல்பனை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். மலை இருக்க வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் ஊர் தப்பு என்று உடனே முடிவு செய்யாதீர்கள். கண்ணாடி நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் ஏராளம். எழுத்து ஏதாவது தெரிகிறதா, ஆண்களின் கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரட்டைப் பாதையாக இருந்தால் ரயில் இடப்பக்கம் ஓட வேண்டும்.

மலை இல்லாத சமவெளி என்றால் வரைபடம்தான் கதி. ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் பழைய அரசு நில அளவை வரைபடங்கள், 1888 முதல் 1913 வரை அளந்தவை, இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கின்றன. வட அயர்லாந்துக்கு அங்குள்ள பொது ஆவணக் காப்பகம் தனி வரைபடத் தளம் வைத்திருக்கிறது. அந்த அளவில் சரக்குக் கொட்டகை, எஞ்சின் திருப்பும் வட்ட மேடை, நடை மேம்பாலம் எல்லாம் தெரியும். படத்தில் மேம்பாலத்துக்கு எந்தப் பக்கம் கொட்டகை, பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்று ஒரு கிறுக்கல் படம் போட்டுக்கொண்டு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

நிழலைப் பாருங்கள். அங்கே நடுப்பகல் சூரியன் எப்போதும் தெற்கில்தான், ஆகவே நடைமேடை எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். நிலையக் கடிகாரமும் தெரிந்தால் இன்னும் நல்லது. ஒரு படத்தில் நிழல் கணக்கு ஒத்தே வராமல் ஒரு இரவு முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டேன். 1916 வரை அயர்லாந்தின் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு 25 நிமிடம் பின்தங்கியிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. சூரியன் இருக்கும் இடத்தைக் கணக்கிடும் என் செயலி அதன்மேல் இன்றைய கோடைக்கால நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தது.

உங்கள் கத்தையில் அஞ்சலட்டைகள் இருந்தால் கீழ் ஓரத்தில் எண்ணும் அதையடுத்து 'டபிள்யூ.எல்.' என்ற எழுத்துகளும் இருக்கிறதா பாருங்கள். அது வில்லியம் லாரன்ஸ் என்ற டப்ளின் கடைக்காரரின் முத்திரை. படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தவர் அவரிடம் வேலை பார்த்த ராபர்ட் ஃப்ரெஞ்ச். கடை 1916 எழுச்சியில் எரிந்து போனது, ஊர்க் காட்சிகளின் நெகட்டிவ்கள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. சுமார் 40,000 நெகட்டிவ்கள் இப்போது அயர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அந்த எண்ணைக் கொண்டு தேடலாம். தபால் முத்திரைத் தேதியைப் படம் எடுத்த தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரே நெகட்டிவை வருஷக்கணக்கில் அச்சடித்து விற்றார்கள். 1930-களின் பிற்பகுதி முதல் எடுத்த ரயில் படங்களுக்கு அதே நூலகத்தில் ஜேம்ஸ் ஓடே என்பவரின் தொகுப்பு இருக்கிறது. மூடப்போகும் பாதைகளைத் தேடித் தேடி எடுத்தவர்.

சில படங்கள் அடையாளம் தெரிந்த பிறகுதான் மனதை அழுத்தும். மேற்குக் கரையில் இருக்கும் அக்கில் தீவுக்குப் போன பாதையில் சவப்பெட்டிகள் இறங்கும் படம் ஒன்று கிடைத்தால், ஆண்டைச் சொல்வதில் நிதானம் வேண்டும். 1894 ஜூனில் ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு அறுவடை வேலைக்குப் புறப்பட்ட தீவு மக்கள் 32 பேர் க்ளூ விரிகுடாவில் படகு கவிழ்ந்து இறந்தார்கள். பாதை முறையாகத் திறக்கும் முன்பே, அவர்களின் உடல்களைக் கொண்டுவந்ததுதான் அங்கே வந்த முதல் ரயில். 1937 செப்டம்பரில் அதே வேலைக்குப் போன இளைஞர்கள் 10 பேர் ஸ்காட்லாந்தில் ஒரு குடிசைத் தீயில் இறந்தார்கள். அவர்களும் அந்த ரயிலில்தான் திரும்பினார்கள், அந்த மாதக் கடைசியோடு பாதையும் மூடப்பட்டது. கூட்டத்துக்குப் பின்னால் மோட்டார் கார் தெரிந்தால் 1937. இன்று அந்தப் பாதையில் 42 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இங்கே பதிவேற்றும்போது படங்களை அழகாக வெட்டாதீர்கள். ஓரத்தில் மங்கலாகத் தெரியும் வேலியும் மலையும்தான் எனக்கு வேண்டும். 1,200 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்து முன்பக்கத்தை மட்டும் முதலில் போடுங்கள், பின்பக்கத்தை நான் கேட்டபிறகு காட்டினால் போதும். அப்படியே, அந்தக் கத்தையில் 27 என்று எண் போட்ட எஞ்சின் எதிலாவது தெரிகிறதா என்று எனக்காக ஒருமுறை பாருங்களேன்.