ஆராய்ச்சி விருதுக்கு விண்ணப்பிப்பது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரியில் நிலவியல் கற்பிக்கிறேன். வயது 34. பிஎச்.டி. முடித்து மூன்று வருடம் ஆகிறது. எந்தெந்த விருதுகளுக்கு முயலலாம்?
– உதவிப் பேராசிரியர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் வயதுக் கணக்கைப் போடுங்கள். தேசிய அறிவியல் கழகத்தின் (நாசி) இளம் விஞ்ஞானி விருது 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. உங்களுக்கு இந்த ஆண்டோ அடுத்த ஆண்டோதான் கடைசி வாய்ப்பு. வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று அறிவிப்பில் பாருங்கள். முந்தைய டிசம்பர் 31 என்றும் இருக்கலாம், நடப்பாண்டு ஜனவரி 1 என்றும் இருக்கலாம். விண்ணப்பம் அனுப்பும் தேதிதான் கணக்கு என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பெயரிலான விஞ்ஞான் யுவா விருதுக்கு வரம்பு 45. ஆனால் அந்த வரிசையில் நிற்பவர்களின் வேலை வேறு தரத்தில் இருக்கும். அதற்கு அவசரப்பட வேண்டாம். மாநில அளவில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் ‘தான்சா’ (தமிழ்நாடு விஞ்ஞானி விருது) அறிவிப்பையும் கவனித்து வாருங்கள்.

எல்லாவற்றுக்கும் நாமே விண்ணப்பிக்க முடியாது. சி.வி. ராமன் 1934-ல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் கழகத்தின் ‘அசோசியேட்’ (இளம் ஆய்வாளர்களுக்கானது) தகுதிக்கு, அந்தக் கழகத்தின் ஃபெலோ (தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்) போன்ற ஒருவர் உங்களை முன்மொழிய வேண்டும். ஃபெலோக்களின் பட்டியல் கழகத்தின் இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் துறைக்காரர் யார் என்று பார்த்து, இப்போதே உங்கள் நல்ல கட்டுரை ஒன்றை அனுப்பி வையுங்கள். முன்மொழியச் சொல்லி எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள்.

கேள்வி: காபித் தோட்டப் பூச்சிகள் பற்றி ஆய்வு செய்தேன். ‘சாதனையை 500 சொற்களில் எழுதுக’ என்று படிவத்தில் கேட்கிறார்கள். என் 14 கட்டுரைகளையும் அதில் அடக்க முடியவில்லையே?
– வாசகி, ஏற்காடு

பதில்: அடக்க வேண்டாம். நடுவர் மேஜையில் உங்கள் கோப்பு ஒன்றுதானா இருக்கிறது? 14 கட்டுரைகளைப் பற்றியும் தலா ஒரு வரி எழுதினால் எதுவும் அவர் மனதில் நிற்காது. ஒரே ஒரு கண்டுபிடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை பட்டியலில் இருக்கட்டும்.

இப்படித்தான் பலர் தொடங்குகிறார்கள்: ‘சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களில் தண்டுத் துளைப்பான் குறித்து விரிவான ஆய்வு மேற்கொள்ளப்பட்டு, பல புதிய உண்மைகள் வெளிக்கொணரப்பட்டன.’ யார் செய்தார்கள், என்ன உண்மை? ஒன்றும் தெரியவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வெயில் படும் அராபிகா தண்டுகளில்தான் அதிகம் முட்டையிடும் என்பது தெரிந்ததே. சில்வர் ஓக் நிழலுக்கும் நாட்டு மர நிழலுக்கும் இதில் எவ்வளவு வித்தியாசம் என்பது தெரியாமல் இருந்தது. அதை நான் அளந்தேன்.’ அடுத்த வரியிலேயே எத்தனை தோட்டம், எத்தனை பருவம், என்ன வித்தியாசம் என்ற மூன்று எண்களும் வந்துவிட வேண்டும். உங்கள் துறை தெரியாத நடுவருக்கும் இது விளங்கும். குழுவில் பூச்சியியல்காரர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம்.

கடைசி 100 சொற்களை உங்கள் பங்குக்கு ஒதுக்குங்கள். ‘இது நெறியாளரின் வேலையா, இவருடையதா?’ என்பதுதான் இளம் ஆய்வாளர் கோப்பில் முதலில் எழும் சந்தேகம். ‘களத் திட்டமும் புள்ளியியல் பகுப்பாய்வும் என்னுடையவை, பூச்சி இனத்தை உறுதிசெய்தவர் இணை ஆசிரியர்’ என்று பிரித்துச் சொல்லுங்கள். நெறியாளர் பெயர் இல்லாத கட்டுரை ஒன்று இருந்தால், பட்டியலில் அது மேலே வரட்டும்.

கேள்வி: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, கட்டுரைகளில் கணவர் பெயர். சிக்கல் வருமா?
– வாசகி, ஓமலூர்

பதில்: வரும். தேடுதளங்களில் நீங்கள் இரண்டு பேராகப் பிரிந்து, மேற்கோள் எண்ணிக்கையும் பிரிந்திருக்கும். ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண், 16 இலக்கம், இலவசம்) வாங்கி, உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் அதில் சேர்த்து, கட்டுரைகளை இணையுங்கள். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் உங்களுக்கு இரட்டைப் பக்கம் இருந்தால் இணைக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள். இதற்குச் சில வாரம் ஆகும் என்பதால் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். விண்ணப்பத்தில் பிறந்த தேதிச் சான்றில் உள்ள பெயரையே எழுதி, ‘இந்தப் பெயர்கள் அனைத்தும் என்னையே குறிக்கும்’ என்று கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்றையும் இணையுங்கள்.

கேள்வி: பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது?
– ஆய்வாளர், ஆத்தூர்

பதில்: ஒன்று நெறியாளரிடம், இன்னொன்று உங்களோடு கட்டுரை எழுதாத ஒருவரிடம். பெரிய பதவிக்காரர் என்பதற்காக, உங்கள் வேலையைப் படிக்காதவரிடம் போகாதீர்கள். ‘கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்’ என்று நாலு வரி எழுதித் தருவார். அது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். விருதின் விதிமுறை, அந்த 500 சொல், அவர் குறிப்பிட வேண்டிய கட்டுரை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். கல்லூரி முதல்வர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமானால் அதற்குத் தனியாக ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் தேர்வு நடக்கும் மாதமென்றால் இரண்டு வாரம்.

கேள்வி: ‘சிறந்த இளம் விஞ்ஞானி விருதுக்குத் தேர்வாகிவிட்டீர்கள், 4,500 ரூபாய் கட்டுங்கள்’ என்று மெயில் வந்திருக்கிறது. கட்டலாமா?
– உதவிப் பேராசிரியர், மேட்டூர்

பதில்: விண்ணப்பிக்காமலே தேர்வானீர்களா? கட்டாதீர்கள். நடுவர் யார், போன வருடம் யாருக்குக் கொடுத்தார்கள், எந்த ஆய்வுக்காகக் கொடுத்தார்கள் என்று பதில் எழுதிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கடைசித் தேதியை நீட்டித்திருக்கிறோம் என்றுதான் மறு மெயில் வரும். கல்லூரியில் நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) குழுவுக்குக் காட்ட விருது வேண்டும் என்று நெருக்கினால், அரசும் அரசு அங்கீகாரம் பெற்ற அமைப்புகளும் தரும் விருதுக்குத்தான் அங்கே மதிப்பு என்று எடுத்துச் சொல்லுங்கள். சுயவிவரத்தில் இப்படி ஒன்று இருந்தால், உண்மையான விருதுக் குழுவில் இருப்பவர்கள் அதைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஏற்கெனவே சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள்.