ஒரே பட்டியில் எட்டு ஆடுகளுக்கு மட்டும் ஏன்?

கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: நாற்பது பொட்டு ஆடுகள் (வேம்பூர்ச் செம்மறி) வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே மேய்ச்சல், ஒரே நாளில் ஒரே குடற்புழு மருந்து. ஆனாலும் ஐப்பசி மழைக்குப் பிறகு எட்டு ஆடுகளுக்கு மட்டும் தாடை வீங்கியது, மூன்று செத்துவிட்டன. மற்றவை கொழுத்துத் திரிகின்றன. கண் திருஷ்டி என்கிறார்கள். உண்மையா?
- வாசகி, விளாத்திகுளம் வட்டம்

பதில்: கண் பட்டிருந்தால் கொழுத்த ஆடுகள் மேல்தானே அம்மா பட்டிருக்கும்? தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால் உடம்பில் ரத்தம் வற்றுகிறது என்று பொருள். மழைக்குப் பின் இப்படி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஹீமாங்கஸ் என்ற புழுவைத்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடிகாலையில் செத்துக் கிடந்த ஓர் ஆட்டை வேப்பமரத்தடியில் போட்டு அறுத்துப் பார்த்தேன். நாலாம் வயிற்றைக் கீறியதும், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் துண்டுகள்போல நூற்றுக்கணக்கில் நெளிந்தன. சிவப்பு, புழு குடித்த ரத்தம். வெள்ளை, அதைச் சுற்றியிருக்கும் முட்டைக்குழாய். ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.05 மில்லி ரத்தம் போகும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி, தினமும் அரை டம்ளர். பெண் புழு ஒவ்வொன்றும் நாளுக்கு 5,000 முட்டைக்குக் குறையாமல் இடும். அத்தனையும் புழுக்கையோடு மேய்ச்சல் நிலத்தில் விழுந்து, ஈரம் கண்டதும் பொரித்து, புல் நுனிக்கு ஏறி நிற்கும்.

அந்தப் புல்லை நாற்பது ஆடுகளும்தான் தின்றன. ஆனால் உள்ளே போன குஞ்சுப் புழுவுக்கு எல்லா வயிற்றிலும் ஒரே வரவேற்பு கிடைப்பதில்லை. எதிர்ப்பாற்றல் உள்ள செம்மறியின் வயிற்றுச் சவ்வு அதை அடையாளம் கண்டுகொள்கிறது. சளியைச் சுரந்து வழுக்கிவிடுகிறது. எதிர்ப்புப் புரதங்களும் வெள்ளணுக்களும் சூழ்ந்து அதை வளரவிடாமல் செய்கின்றன. தப்பிப் பிழைக்கும் புழுவும் குட்டையாகி, முட்டை குறைந்துபோகிறது. புதுக் குஞ்சுகள் திரளாக வந்து இறங்கும்போது, ஏற்கெனவே குடியிருக்கும் கிழட்டுப் புழுக்களையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும் ஆடுகளும் உண்டு. மருந்தில்லாமல் நடக்கும் இந்த வெளியேற்றத்தை 1929இல் ஸ்டோல் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதிவைத்தார்.

இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். அந்த எட்டில் குட்டிகள் எத்தனை? அப்போதுதான் ஈன்றவை எத்தனை? குட்டிக்கு இந்த ஆற்றல் கைகூடப் பல மாதங்கள் ஆகும். தாய்க்கோ ஈனும் தறுவாயிலிருந்து பால் கொடுக்கும் முதல் சில வாரங்கள்வரை அது தளர்ந்துவிடும். இவற்றைக் குறை சொல்லாதீர்கள்; கடலைப் பிண்ணாக்கும் அகத்தித் தழையும் கூடுதலாகக் கொடுங்கள். புரதம் இல்லாமல் எதிர்ப்பாற்றல் எதைக் கொண்டு வேலை செய்யும்?

வளர்ந்த, சினையில்லாத ஆடு ஒவ்வொரு மழைக்கும் தாடை வீங்கி நின்றால்தான் கவலை. இந்தத் தன்மை தாய் தந்தையிடமிருந்து குட்டிக்கு வருவது. கென்யக் கடற்கரையில் ரெட் மாசாய் என்ற நாட்டு இனத்தையும் டார்ப்பர் என்ற தென்னாப்பிரிக்கச் செம்மறி இனத்தையும் ஒன்றாக மேயவிட்டுப் பார்த்தபோது, நாட்டு ஆடுகளின் சாணத்தில் புழு முட்டை குறைவு. டார்ப்பர் குட்டிகளில் சாவு அதிகம். டார்ப்பர் கிடா எங்கே கிடைக்கும் என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இதையும் படிக்கட்டும். சுந்தரவனத்துச் சேற்றில் மேயும் கரோல் ஆடும் ஹீமாங்கஸுக்கு எளிதில் மசியாது.

ஆகவே உங்கள் பொலிகிடாவை உடம்பையும் கொம்பையும் மட்டும் பார்த்துப் பொறுக்காதீர்கள். மழை முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்து, மருந்து கொடுப்பதற்கு முன், கிடாக்குட்டிகளின் ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுத்து, தனித்தனிப் பொட்டலத்தில் காது எண் எழுதி, கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் முட்டை எண்ணக் கொடுங்கள். முட்டை குறைந்த கிடாவை வைத்துக்கொள்ளுங்கள். அதிகமுள்ளதைச் சந்தைக்கு ஓட்டுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால் எது வலியது, எது மெலியது என்றே தெரியாமல் போகும். மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும். நானும் பதிவேட்டை நிரப்புவதற்காகப் பல வருடம் வரிசையில் நிறுத்தி ஊற்றியவன்தான். இப்போது கீழ் இமையைப் புரட்டிப் பார்க்கச் சொல்கிறேன். நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளிறியிருந்தால் அன்றே மருந்து. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே ஐந்து நிற அட்டை செய்தார்கள்.

கேள்வி: இந்தப் புழுவுக்குத் தடுப்பூசி உண்டா?
- வாசகர், எட்டயபுரம்

பதில்: உண்டு. ஸ்காட்லாந்து ஆய்வில் உருவாகி, 2014இல் ஆஸ்திரேலியாவில் ‘பார்பர்வாக்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. புழுவின் குடற்சுவரிலுள்ள புரதத்தை ஊசியாகப் போட்டால் ஆட்டின் ரத்தத்தில் அதற்கு எதிர்ப்பு உண்டாகும். ரத்தம் குடிக்கும் புழுவின் குடலே கெட்டுப்போகும். அழகான யோசனைதான். ஆனால் அந்தப் புரதத்தை ஆடு இயற்கையில் சந்திப்பதே இல்லை என்பதால், சில வாரங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போட வேண்டும். நம் ஊர்க் கடைகளில் கேட்டு அலையாதீர்கள்.

கேள்வி: வெள்ளாட்டுக்கும் இதே கதைதானா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: இல்லை. வெள்ளாடு தலைமுறை தலைமுறையாகத் தலையை நிமிர்த்தித் தழை கடித்த சாதி. புல்லோடு புழுவைத் தின்று பழகாததால் செம்மறியின் அளவுக்கு எதிர்ப்பாற்றல் அதற்கு அமைவதில்லை. அதன் உடம்பு மருந்தையும் சீக்கிரம் கழித்துவிடும். செம்மறி அளவிலேயே ஊற்றினால் பல மருந்துகள் போதாது. வெள்ளாட்டுக்கென்று தனி அளவை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். தழையைத் தரையில் போடாமல் கழுத்து உயரத்துக்குக் கட்டித் தொங்கவிடுங்கள்.