மெட்டஃபர் கண்டுபிடிச்சாச்சு, சரி அதுக்கென்ன இப்போ?

கேள்வி: அமெரிக்காவுல ஒரு ஹைஸ்கூல்ல 12-ஆம் கிளாஸுக்கு ஏபி (காலேஜ் லெவல் பாடத்தை ஸ்கூல்லயே படிக்கிற திட்டம்) இங்கிலிஷ் லிட்ரேச்சர் எடுக்கிறேன், இதுதான் முதல் வருஷம். மே மாசம் எக்ஸாம். பசங்க கெட்டிக்காரங்கதான், ஒரு கவிதையைக் குடுத்தா மெட்டஃபர் (உருவகம்), இமேஜரி (சொல்லால வரையுற காட்சி), டோன் (பேச்சுல தெரியுற உணர்வு)னு எல்லாத்தையும் அடிக்கோடு போட்டுக் காட்டிடுறாங்க, ஆனா எஸ்ஸேனு வந்தா 6-க்கு 2, மிஞ்சினா 3. வாரம் ஒரு முழு எஸ்ஸே எழுத வைக்கிறேன், திருத்தியே என் சனி ஞாயிறு போகுது, மார்க் மட்டும் நகர மாட்டேங்குது. இதுல பேரண்ட்ஸ் வேற பெரிய வொகாபுலரி லிஸ்டா குடுங்கனு கேக்குறாங்க. என்ன பண்றது? (பெயர் வேண்டாம்)

பதில்:

டீச்சர், உங்க பசங்க 2, 3-ல நிக்கிறதுக்கு அவங்க இங்கிலிஷ் காரணம் இல்ல, அந்த சந்தேகம் இருந்தா முதல்ல அதை எடுத்துடுங்க. மார்க் எங்க இருக்குனு பார்த்தா விஷயம் புரிஞ்சிடும். 2019-20 கல்வியாண்டுல இருந்து ஒவ்வொரு எஸ்ஸேக்கும் 6 பாயிண்ட், அதுல தீசிஸுக்கு (எஸ்ஸே நிறுவப் போற மையக் கருத்து) 1, எவிடன்ஸ் (கதையில இருந்து எடுக்கிற ஆதாரம்), கமென்டரி (அந்த ஆதாரத்துக்கு விளக்கம்) ரெண்டுக்கும் சேர்த்து 4, சொஃபிஸ்டிகேஷன்னு (வாதத்தோட ஆழம்) ஒண்ணு வச்சிருக்காங்க அதுக்கு 1. முன்னாடி 9 பாயிண்ட் ஸ்கேல்ல மொத்தமா ஒரு மார்க் போட்டுட்டுப் போயிடுவாங்க, எங்க போச்சுனே பையனுக்குத் தெரியாது. இப்ப பளிச்சுனு தெரியுது, அந்த 4-லதான் உங்க பசங்க மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. எவிடன்ஸ் எடுத்து வைக்கிறாங்க, கமென்டரிங்கற இடத்துல கடையை மூடிடுறாங்க.

சும்மா சொன்னா புரியாது, ஒரு சின்ன பத்தி வச்சே பார்க்கலாம், இது நானே எழுதுனது:

“மூணு வருஷம் கழிச்சு வந்த அப்பா உள்ள வந்து உக்காரல. கதவோரமா நின்னு, தொப்பியைக் கையில வச்சு சுத்திக்கிட்டே இருந்தாரு. ‘வீட்டை நல்லா வச்சிருக்கீங்க’னாரு. அம்மா அடுப்பைப் பார்த்துக்கிட்டே தலையாட்டுனா.”

இதுக்கு ஒரு 2 பாயிண்ட் பையன் என்ன எழுதுவான்? ‘ஆசிரியர் இமேஜரியைப் பயன்படுத்தி அப்பாவின் பதற்றத்தைக் காட்டுகிறார், தொப்பியைச் சுற்றுவது இதற்கு உதாரணம், இது வாசகர் மனதில் ஒரு தெளிவான காட்சியை உருவாக்குகிறது.’ தப்புனு எதையும் சொல்ல முடியாது, ஆனா அந்தக் கடைசி வரியை உலகத்துல இருக்கிற எந்தக் கதைக்கு வேணாலும் தூக்கி ஒட்டலாம். எங்க வேணாலும் ஒட்டுற வரி இந்தக் கதையைப் பத்தி எதுவும் சொல்லலனுதான் அர்த்தம், அதுக்குப் பாயிண்ட் வராது.

இப்ப அதே பையன்கிட்ட ‘சரி, அதுக்கென்ன இப்போ?’னு கேளுங்க. பதில் வராது, முழிப்பான், பரவால்ல. அடுத்த கேள்வியைப் போடுங்க, இதுதான் முக்கியமான கேள்வி: அந்த அப்பா தொப்பியை ஆணியில மாட்டியிருந்தா கதை எப்படி மாறியிருக்கும்? உடனே சொல்லிடுவான் பாருங்க, மாட்டியிருந்தா அவர் தங்கப் போறாருனு அர்த்தம், கையிலயே வச்சிருக்காருனா எப்ப வேணாலும் கிளம்பத் தயாரா நிக்கிறாரு. அப்புறம் ‘வீட்டை நல்லா வச்சிருக்கீங்க’, இதை யாரு சொல்லுவாங்க? விருந்தாளி சொல்ற பேச்சு அது, வீட்டுக்காரன் அப்படிப் பேச மாட்டான். அம்மா போயிடுனும் சொல்லல, உக்காருனும் சொல்லல, திரும்பிக்கூட பார்க்கல. இப்ப மூணையும் சேர்த்து ஒரே வரியா எழுதச் சொல்லுங்க: யாரும் துரத்தாமலே அந்த அப்பா தன் வீட்டுல தானே விருந்தாளி ஆயிடுறாரு, உரிமை போச்சுங்கறது அவருக்கே முதல்ல தெரிஞ்சிருக்கு. இதுதான் தீசிஸ். தொப்பி, பேச்சு, அம்மாவோட மௌனம் மூணும் எவிடன்ஸ், ஒவ்வொண்ணும் அந்த வரியை எப்படித் தாங்குதுனு சொல்றது கமென்டரி. இமேஜரிங்கற வார்த்தை எங்கயாவது ஒரு ஓரத்துல வந்தா போதும், வரலைனாலும் தலை போகாது, ஏன்னா டெக்னிக்கோட பேரைச் சொன்னதுக்குனு ரூப்ரிக்ல (எதுக்கு எவ்வளவு மார்க்னு சொல்ற பட்டியல்) தனி மார்க் கிடையாது. அந்த டெக்னிக் அர்த்தத்துக்கு என்ன பண்ணுதுனு விளக்கினாதான் அந்த 4 பாயிண்ட்ல 3, 4-க்கு ஏற முடியும்.

இந்த ‘மாத்திப் பாரு’ பயிற்சியை தினமும் கிளாஸ் ஆரம்பத்துல ஒரு பத்து நிமிஷம் பண்ணுங்க, எழுதக்கூட வேண்டாம், வாயால சொன்னா போதும். ஒரு வார்த்தையை மாத்து, ஒரு செயலை எடுத்துடு, கடைசி வரியை முதல்ல போடு, என்ன உடைஞ்சுது? கவிதைக்கும் இதேதான், வரி ஏன் அந்த இடத்துல முறியுதுனு தெரியணும்னா முறிக்காம சேர்த்துப் படிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்.

அடுத்து உங்க சனி ஞாயிறு. வாராவாரம் முழு எஸ்ஸே எழுத வைக்கிறதை நிறுத்துங்க, இப்போதைக்கு. ஒரே தப்பை வாரம் ஒரு தடவை நாலு பக்கத்துக்கு எழுதிப் பழகுறாங்க, அவ்வளவுதான் நடக்குது. பதிலா ஒரு தீசிஸ், ஒரே ஒரு பாடி பத்தி. நீங்க திருத்தும்போதும் ஒரு தடவைக்கு ரூப்ரிக்ல ஒரு வரிசை மட்டும் பாருங்க, இந்த வாரம் கமென்டரினா கிராமர் கண்ணுல பட்டாலும் சிவப்பு பேனாவை எடுக்காதீங்க (கஷ்டம்தான், தெரியும்). முழு எஸ்ஸே மாசத்துக்கு ஒண்ணு போதும், ஏப்ரல் வந்ததும் கூட்டிக்கலாம்.

இந்த எக்ஸாமை நடத்துற காலேஜ் போர்டு சைட்ல பழைய வருஷ கேள்விகளோட நிஜமான ஸ்டூடண்ட்ஸ் எழுதுன சாம்பிள் எஸ்ஸே, அதுக்கு போட்ட மார்க், ஏன் அந்த மார்க்னு விளக்கம் எல்லாம் ஃப்ரீயா கிடைக்குது. ஒரு கேள்விக்கான சாம்பிள்களை எடுத்து மார்க்கை மறைச்சுட்டு பசங்க கையில குடுங்க, அவங்களே மார்க் போடட்டும், சண்டை போடட்டும். நீளமான எஸ்ஸேக்கு ஜாஸ்தி மார்க்னு நினைச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு அன்னிக்கே தெளிஞ்சிடும். நீங்க ஒரு மாசம் கத்திச் சொல்றதை விட இது சீக்கிரம் மண்டையில ஏறும்.

தீசிஸ் பத்தி ரெண்டு விஷயம். கேள்வியையே திருப்பி எழுதுனா அந்த 1 கிடைக்காது, ‘ஆசிரியர் பல இலக்கிய உத்திகளைக் கையாண்டு சிக்கலான உறவைச் சித்தரிக்கிறார்’ங்கறது கேள்வித்தாளையே காப்பி அடிச்ச மாதிரிதான், என்ன சிக்கல்னு சொல்லணும். இன்னொண்ணு, தீசிஸ் எஸ்ஸேல எங்க இருந்தாலும் எடுத்துக்குவாங்க, முதல் பத்தியோட கடைசி வரினு சட்டம் எதுவும் இல்ல. ஆனா நீங்க முதல் பத்தியிலயே வைக்கச் சொல்லுங்க, நல்லது. ‘மனித இனம் தோன்றிய காலம் முதல்’னு ஆரம்பிக்கிற முன்னுரையை மட்டும் தயவுசெஞ்சு தடை பண்ணிடுங்க, நேரா விஷயத்துக்கு வரட்டும். சொஃபிஸ்டிகேஷன் பாயிண்டைத் துரத்தவே வேண்டாம், ஒரு அழகான வாக்கியத்துக்காக அதைக் குடுக்கிறதில்ல, வாதம் முழுக்க அந்த ஆழம் இருக்கணும், வந்தா வரட்டும்.

டைம்: மூணு எஸ்ஸேக்கும் சேர்த்து 2 மணி நேரம், அதாவது ஒவ்வொண்ணுக்கும் 40 நிமிஷம், மொத்த ஸ்கோர்ல இந்தப் பகுதி 55 சதவீதம். இதுல 8, 10 நிமிஷம் படிச்சு யோசிக்கிறதுக்கே போகணும், அது வேஸ்ட் இல்லனு பசங்களை நம்ப வைக்கிறதுதான் பெரிய வேலை. 2025-ல இருந்து எக்ஸாம் ப்ளூபுக் ஆப்ல டைப் பண்றதுதான், அதனால மாசாந்திர எஸ்ஸேயை நோட்டுல எழுத வைக்காம டைப் பண்ண வைங்க, பிளான் மட்டும் தாள்ல.

மூணாவது கேள்வி, பசங்களே புக்கைத் தேர்ந்தெடுத்து எழுதுறது, அதுக்கு பத்து புக்கை மேலோட்டமா புரட்டுறதை விட மூணை ஆழமா வச்சுக்கறது போதும். மேற்கோளை மனப்பாடம் பண்ண வேண்டாம், சீன் ஞாபகம் இருக்கணும்: யாரு என்ன முடிவு எடுத்தாங்க, எந்த இடத்துல, அதுக்கு என்ன விலை குடுத்தாங்க. கதைச் சுருக்கம் எழுத ஆரம்பிச்சா எஸ்ஸே அங்கயே படுத்துடும். ‘அப்புறம்’னு தொடங்குற வாக்கியம் ரெண்டு வரிசையா வந்தா நிறுத்திட்டு ஏன்னு எழுதுனு பழக்குங்க.

கடைசியா வொகாபுலரி. தப்பு தப்பா எழுதி அர்த்தமே புரியாமப் போனாதான் அந்த 4-ல கடைசி பாயிண்ட் போகும், மத்தபடி பெரிய வார்த்தைக்குனு போனஸ் எதுவும் இல்ல. ஆனா பேரண்ட்ஸ் கேக்குறதுல ஒரு நியாயம் இருக்கு, வேற இடத்துல. பசங்களுக்கு டோன்னா ‘சோகம்’, ‘சந்தோஷம்’ ரெண்டுதான் தெரியும். மேல சொன்ன அப்பாவோட பேச்சு சோகமா? கூச்சமா, குற்ற உணர்ச்சியா, தயக்கத்தோட கேக்குற மன்னிப்பா? அம்மாகிட்ட இருக்கிறது கோவமா, மனத்தாங்கலா, களைப்பா? இந்த வித்தியாசத்தைச் சொல்ற வார்த்தை இல்லாததாலதான் நல்லா யோசிக்கிற பையனும் மொண்ணையா எழுதுறான். இந்த மாதிரி ஒரு நாற்பது வார்த்தை, பக்கத்து பக்கத்து அர்த்தம் உள்ளதா ஜோடி ஜோடியா சேர்த்து ஒரே பக்கத்துல பிரிண்ட் எடுத்து வச்சுக்குங்க. லிஸ்ட் கேக்குற பேரண்ட்ஸ் கையில அதையே குடுத்துடுங்க.