ஆய்வக அளவீடு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வெர்னியர் அளவியின் தாடைகளைச் சேர்த்து வைத்தால் வெர்னியரின் (நகரும் சிறு அளவுகோலின்) 8-வது கோடு முதன்மைக்கோலின் ஒரு கோட்டோடு பொருந்துகிறது. சுழிப்பிழை (எதையும் அளக்காதபோதே கருவி காட்டும் பிழை) 0.08 செ.மீ. தானே?

வெர்னியரின் சுழி எந்தப் பக்கம் நிற்கிறது என்று முதலில் பாருங்கள். முதன்மைக்கோலின் சுழிக்கு வலப்பக்கம் என்றால் +0.08 சரி. இடப்பக்கம் என்றால் வெர்னியரின் பத்துப் பிரிவுகளிலிருந்து எட்டைக் கழிக்க வேண்டும்: பிழை −0.02 செ.மீ., அளந்த மதிப்போடு 0.02 கூட்ட வேண்டும். இதை −0.08 என்று எழுதிவிட்டால் விட்டம் 0.06 செ.மீ. கூடிவிடும். 1.5 செ.மீ. குண்டுக்கு அது 4%. கன அளவில் விட்டம் மும்மடியாக வருவதால் ஏறத்தாழ 12% ஆகிவிடும்.

கேள்வி: திருகு அளவியில் ஒரே கம்பியை அளந்தாலும் 0.02 மி.மீ. வரை மாறுகிறது. கருவி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. தலைப்பகுதியைப் பிடித்து இறுக்காமல், நுனியில் உள்ள ராட்செட்டை (அளவோடு அழுத்தும் சிறு குமிழை) திருகுங்கள். 'டிக்' ஒலி கேட்டதும் நிறுத்துங்கள். எப்போதும் மூடும் திசையிலேயே வந்து முடியுங்கள். அதிகம் திருகிவிட்டுப் பின்னால் திருப்பிப் படித்தால், புரிகளுக்கிடையே உள்ள தளர்வு பின்னடைவுப் பிழையாக வந்து சேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாறினால், கம்பியே முழு வட்டமாக இல்லாமல் இருக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள். 0.50 மி.மீ. கம்பியில் 0.01 மி.மீ. பிசகினாலே குறுக்குப் பரப்பில் 4% பிழை வரும். கம்பியின் குறுக்குப் பரப்பு தேவைப்படும் ஆய்வில் மிகுந்த கவனம் இந்த அளவீட்டுக்கே போக வேண்டும்.

கேள்வி: பத்து முறை அளந்து சராசரி எடுத்தால் பிழை போய்விடாதா?

கூடியும் குறைந்தும் வரும் பிழைகள் குறையும். சுழிப்பிழைபோல ஒரே பக்கம் சாயும் பிழை, நூறு முறை அளந்தாலும் அப்படியே நிற்கும். அதனால்தான் அளக்கத் தொடங்கும் முன்பே கருவியைச் சோதிக்கச் சொல்கிறோம். கால்குலேட்டர் 2.4333333 என்று காட்டினாலும், 0.01 வரை படிக்கும் கருவிக்கு 2.43 போதும்.

கேள்வி: தனி ஊசலில் g (புவியீர்ப்பு முடுக்கம்) மதிப்பு எனக்கு எப்போதும் குறைவாகவே வருகிறது. 20 அலைவுகள் எடுக்கிறேன்.

எப்போதும் குறைவு என்பதே நல்ல துப்பு. மூன்று இடங்களில் தேடுங்கள்.

எண்ணிக்கை: ஸ்டாப் வாட்சை அழுத்தும் கணத்தில் 'ஒன்று' என்று தொடங்கினால், 20 என்று சொல்லும்போது 19 அலைவுகள்தாம் முடிந்திருக்கும். அந்த நேரத்தை 20-ஆல் வகுத்தால் அலைவுநேரம் குறைந்து, g கூடும். ஆகவே உங்கள் சிக்கல் இதுவல்ல. என்றாலும் 'சுழி' என்றே தொடங்குங்கள்.

நீளம்: நூலை மட்டும் அளந்து, குண்டின் ஆரத்தை விட்டிருக்கிறீர்களா? 1 மீட்டர் ஊசலில் 1 செ.மீ. ஆரம் விடுபட்டால் g 1% குறையும். உங்கள் அறிகுறிக்கு இதுதான் பொருந்துகிறது.

வீச்சு: 30° வரை இழுத்துவிட்டால் அலைவுநேரம் சுமார் 1.7% கூடும், g 3.4% குறையும். 5° அளவில் வைத்தால் இந்தக் கவலையே இல்லை.

வாட்சை அழுத்துவதைக் குண்டு நடுநிலையைக் கடக்கும்போது செய்யுங்கள். அங்கேதான் வேகம் அதிகம், எனவே கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் குண்டு தயங்கி நிற்பதால் எப்போது அழுத்துவது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

அவரே மீண்டும்: ஆரத்தை இப்போது அளக்க முடியாது, குண்டு என்னிடம் இல்லை. எடுத்த அளவுகள் வீண்தானா?

வெவ்வேறு நீளங்களுக்கு அளவு இருந்தால் வீணில்லை. கிடையச்சில் நூலின் நீளம், செங்குத்தச்சில் T² (அலைவுநேரத்தின் வர்க்கம்) வைத்து வரைபடம் போடுங்கள். விடுபட்ட ஆரம் கோட்டை நகர்த்துமே தவிர, அதன் சாய்வை மாற்றாது. g = 4π² ÷ சாய்வு.

கேள்வி: பியூரெட்டில் (திரவத்தை விட்டு அளக்கும் அளவுக் குழாயில்) அடர் ஊதா நிறப் பெர்மாங்கனேட் கரைசல் எடுத்தால் கீழ்ப்பிறை (திரவப் பரப்பின் வளைந்த அடிப்பகுதி) தெரியவில்லையே?

அடர்நிறக் கரைசலுக்கு மேல்விளிம்பைப் படியுங்கள். தொடக்கமும் முடிவும் ஒரே விளிம்பாக இருந்தால் வித்தியாசம் சரியாகவே வரும். கண் அதே மட்டத்தில் இருக்கட்டும். படிக்கும் முன் புனலை எடுத்துவிடுங்கள். அதில் தங்கிய துளி நடுவில் விழுந்தால் கணக்கு கெடும். முனையில் காற்றுக் குமிழ் இருந்தால், குழாயை முழுதாகத் திறந்து வேகமாக ஓடவிட்டு வெளியேற்றுங்கள். பியூரெட்டை நிரப்பும் கரைசலாலேயே அலசுங்கள். கூம்புக் குடுவையை மட்டும் வாலைவடிநீரால் அலசினால் போதும். கரைசலால் அலசினால் பிப்பெட் (குறித்த அளவு திரவத்தை எடுக்கும் குழாய்) அளந்து தந்ததைவிட அதிகமாக உள்ளே சேர்ந்துவிடும்.

கேள்வி: சூடான புடக்குகையை (பொருளைச் சூடாக்கும் சிறு கிண்ணத்தை) உடனே எடை போடலாமா?

கூடாது. சுற்றியுள்ள காற்று சூடாகி மேலெழுந்து, எடையைக் குறைத்துக் காட்டும். உலர்த்தியில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்தபின் போடுங்கள்.