நாத்தனார் கிட்னி தரத் தயார். அவர் கணவர் வீட்டுப் பாகத்தைக் கேட்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வாந்தி, கால் வீக்கம் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று சொல்லி அன்றைக்கே கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது வாரம் மூன்று முறை ஓடுகிறது. எனக்கு ரத்தப் பிரிவு சேரவில்லை. மாமியாருக்குச் சர்க்கரை. கணவரின் தங்கைக்குப் பொருந்துகிறது, அவளும் மனதாரத் தருகிறேன் என்கிறாள். ஆனால் அவள் வீட்டுக்காரர், மாமனார் கட்டிய வீட்டில் என் கணவருக்குள்ள பாகத்தைத் தங்கை பெயருக்கு எழுதிக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடுவேன் என்கிறார். மாமனார் 2016-ல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். என் தம்பியும் தரத் தயார். ஆனால் அவன் நெருங்கிய உறவு இல்லையாம். தெரிந்தவர் ஒருவர், ‘ஆள் இருக்கிறது, சித்தப்பா மகன் என்று பேப்பர் ரெடி பண்ணிவிடலாம்’ என்கிறார். எங்களுக்கு ஒன்றும் ஓடவில்லை.
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

பதில்: சகோதரி, பாகத்தை எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டின் மீதுள்ள ஆசைக்காகச் சொல்லவில்லை, எழுதிக் கொடுத்தால் ஆபரேஷனே நின்றுபோகலாம், அதற்குமேல் வழக்கும் வரலாம்.

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-ல் வந்தது, 2011-ல் திருத்தப்பட்டது. அதில் விலை என்றால் ரொக்கப் பணம் மட்டும் இல்லை. பண மதிப்புள்ள எதுவும் விலைதான். வீட்டுப் பாகமும் அதில் வரும். 19-வது பிரிவின்படி வாங்குகிறவர், கொடுக்கிறவர், இடையில் பேசி முடிக்கிறவர் எல்லோருமே குற்றவாளிகள். தண்டனை 5 முதல் 10 ஆண்டு சிறை, அபராதம் 20 லட்சம் முதல் ஒரு கோடி வரை. ‘நம்ம குடும்பத்துக்குள்ளதானே’ என்பது இங்கே செல்லாது. ஆபரேஷனுக்கு முந்தின மாதம் பதிவான ஒரு விடுதலைப் பத்திரம் (தன் பாகத்தை விட்டுக்கொடுக்கும் பத்திரம்), வில்லங்கம் போட்டுப் பார்த்தால் தேதியோடு வந்து நிற்கும். வெள்ளைத்தாளில் ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்வோமா என்றால், சட்டவிரோதமான கைமாறுக்கான ஒப்பந்தம் நீதிமன்றத்தில் செல்லாது. உங்களுக்கு எதிரான சாட்சியாக மட்டும் அது பயன்படும்.

இன்னொன்றையும் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் இந்துக்கள், வீடு மாமனாரின் சுயசம்பாத்தியம், பிள்ளைகள் இந்த இருவர்தான் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் அவர் இறந்த அன்றே அந்த வீடு மாமியார், உங்கள் கணவர், நாத்தனார் மூவருக்கும் சம பாகமாகிவிட்டது. ‘கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு’ என்பதால் மகளின் பாகம் போய்விடாது. உங்கள் நாத்தனார் கிட்னி தந்தாலும் தராவிட்டாலும் மூன்றில் ஒன்று அவருடையது.

அவர் கணவரின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடத்தில் அந்தப் பாகத்தைப் பற்றி யாராவது வாய் திறந்து பேசியிருக்கிறீர்களா? பெரும்பாலான வீடுகளில் பேசுவதே இல்லை. ‘உங்கள் பாகம் உங்களுக்கு உண்டு, அதில் மறுப்பில்லை. ஆனால் அதை இந்தச் சமயத்தில் பத்திரமாக்கக் கூடாது. அவர் உடம்பு தேறி வந்தபின் முறையாகப் பாகப் பிரிவினை செய்துகொள்ளலாம்’ என்று மாமியாரை வைத்து ஒரு முறை சொல்லிப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரலாம். உங்கள் கணவரின் சொந்தப் பாகத்தையும் சேர்த்துக் கேட்டால் மட்டும், அது கிட்னிக்கு விலை. அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

சரி, அவர் கையெழுத்துப் போடவே மாட்டேன் என்றால்? சட்டத்துக்கு அவர் கையெழுத்துத் தேவையில்லை. கூடப் பிறந்தவர்கள் நெருங்கிய உறவு. 18 வயது நிரம்பிய உங்கள் நாத்தனாரின் சம்மதம் ஒன்றே போதும். அப்பாவுக்குக் கிட்னி தர விரும்பிய திருமணமான மகளிடம் கணவரின் தடையில்லாக் கடிதம் கேட்ட வழக்கில், அப்படி ஒரு நிபந்தனை சட்டத்தில் இல்லை என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. அது நம் ஊர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றாலும், சட்டம் நாடு முழுக்க ஒன்றுதான், எடுத்துக் காட்டலாம். ஆஸ்பத்திரிகள் பின்னால் தகராறு வரக்கூடாதே என்ற முன்ஜாக்கிரதையில் கேட்கின்றன. ‘கணவர் கையெழுத்து இல்லாததால் மறுக்கிறோம்’ என்று எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் என்றதும் பல இடங்களில் இறங்கி வருவார்கள். தந்துவிட்டால், அதை வைத்துச் சென்னை உயர்நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

ஒரு எச்சரிக்கை. நாத்தனாரை யாரும் நெருக்கக் கூடாது, நீங்களும்தான். தருபவர் பெண் என்றால் அவருடைய சம்மதத்தை நோயாளி அல்லாத வேறொருவர் மூலம் தனியாக உறுதி செய்ய வேண்டும் என்று 2014-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஆபரேஷனுக்கு முன் எந்த நிமிடத்திலும் அவர் மனம் மாறலாம். மாறினால் அது அவர் உரிமை. அதற்காக அவரைக் குறை சொல்லிப் பேசும் நிலைமை வீட்டில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிட்னி தந்தால் வீட்டுக்குள் சேர்க்க மாட்டேன் என்று அவர் கணவர் மிரட்டினால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அவருக்குப் பாதுகாப்பு உண்டு.

அண்ணன் தங்கை என்று காட்டும் ஆவணங்களில்தான் வழக்கமாக இடிக்கும். ஆதாரில் அவருக்குக் கணவரின் இனிஷியல் இருக்கும், உங்கள் கணவருக்கு அப்பாவின் இனிஷியல். இருவரின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு எல்லாவற்றையும் தேடி எடுங்கள். மாமனார் இறந்தபோது தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கியிருந்தால் அது மிக நல்லது. ஒரே தாளில் இருவர் பெயரும் அப்பாவின் பிள்ளைகளாக இருக்கும். (பாகம் பேசும் நாளிலும் அதே தாள்தான் பேசும்!) ஆவணத்தில் சந்தேகம் தீராவிட்டால்தான் டி.என்.ஏ. பரிசோதனை கேட்பார்கள்.

நாத்தனாருக்குச் செலவுக்குப் பணம் கொடுப்பதே தப்பா என்று பயப்பட வேண்டாம். போக்குவரத்து, மருந்து, ஆபரேஷனால் நேரடியாக இழக்கும் கூலி இவற்றை ஈடுகட்டுவது விலையில் சேராது என்று சட்டமே விலக்கு தருகிறது. சம்பளச் சீட்டு, மருத்துவர் எழுதிய ஓய்வுச் சான்று இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு, வங்கி வழியாகவே கொடுங்கள்.

உங்கள் தம்பி விஷயம். மைத்துனர் சட்டப்படி நெருங்கிய உறவில் வரமாட்டார். மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி, இவ்வளவுதான் பட்டியல். ஆனால் தரவே முடியாது என்று அர்த்தமில்லை. பாசத்தின் அடிப்படையில், இப்படிப்பட்ட தானங்களை விசாரித்து அனுமதிக்கும் அங்கீகாரக் குழுவின் முன்அனுமதி வாங்கித் தரலாம். குழு நேரில் விசாரிக்கும், வீடியோ எடுக்கும். இருவருக்கும் உள்ள பழக்கம், மூன்று வருட வருமானம், இடைத்தரகர் இல்லை என்பது எல்லாம் பார்ப்பார்கள். தம்பியின் மனைவியையோ பெற்றோரையோ கூப்பிட்டும் கேட்பார்கள். பழைய போட்டோக்கள் முக்கியம். உங்கள் குழந்தைக்குத் தாய்மாமன் மடியில் காது குத்திய படம் இருந்தால், பக்கத்தில் உங்கள் கணவர் நிற்பதைப் போன்ற ஒன்றை எடுத்து வையுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

‘பேப்பர் ரெடி பண்ணும்’ அந்தத் தெரிந்தவரை இனி வாசலில் ஏற்றாதீர்கள். சித்தப்பா மகனும் நெருங்கிய உறவு இல்லை என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தேதான் சொல்கிறார். 2025-ல் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்களிடம் கடனைக் காட்டிக் கிட்னி வாங்கிய விவகாரம் வெளியே வந்து, விசாரணைக்குச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியதாயிற்று. போலி ஆவணத்தில் நோயாளியின் கையெழுத்தும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பணத்துக்கு: கணவருக்கு இ.எஸ்.ஐ. இருந்தால் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் கேளுங்கள். தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் வரும். இல்லாவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை.

இவ்வளவுக்கும் நடுவே, இந்த வாரமே ஆஸ்பத்திரியின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து இரண்டு வேலை செய்யுங்கள். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காக, தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் வைத்திருக்கும் காத்திருப்புப் பட்டியலில் கணவரின் பெயரைப் பதிவு செய்யுங்கள். உயிருள்ள கொடையாளரைத் தேடிக்கொண்டிருப்பது அதற்குத் தடையில்லை. இரண்டாவது, உங்களையும் ஒரு கொடையாளராக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் ரத்தப் பிரிவு கணவருக்குச் சேராவிட்டாலும், இதே சிக்கலில் இருக்கும் இன்னொரு குடும்பத்தின் நோயாளிக்கு நீங்களும், உங்கள் கணவருக்கு அந்தக் குடும்பத்து நெருங்கிய உறவும் தந்துகொள்ள 2011 திருத்தம் இடம் தருகிறது. அங்கீகாரக் குழுவின் அனுமதி அதற்கும் வேண்டும்.